வீடு கிடைத்தது, வழி எங்கே?

குடிசையை இடித்தார்கள், மாடி வீடு தந்தார்கள், சாவியையும் கையில் கொடுத்தார்கள். வழியை மட்டும் யாரும் காட்டவில்லை!

கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சென்னைப் பாட்டாளி மக்கள், நகருக்குத் தெற்கே கொண்டுபோய்க் குடியமர்த்தப்படுவது கால் நூற்றாண்டாக நடந்து வருகிறது. 2000-ஆம் ஆண்டில் கண்ணகி நகர். 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி. 2015 பெருவெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம். ஆயிரமாயிரம் வீடுகள், அத்தனையும் ஒரே அச்சில் அறுத்த செங்கல்! அதே நிறம், அதே படிக்கட்டு, அதே கதவு. ஒன்றுக்கொன்று வேறுபாடு, சுவரில் எழுதிய எண் மட்டுமே. அந்த எண்ணும் மழையில் அழிந்துபோனால்?

பழைய பேட்டையில் யாரும் எண்ணைத் தேடி அலைந்ததில்லை. "டீக்கடைச் சந்து, படிப்பகத்துக்குப் பின்னால்" என்றால் போதும். கண்ணை மூடிக்கொண்டு வந்து சேரலாம். புதிய இடத்திலோ, இரவு வேலை முடிந்து வரும் தொழிலாளி பக்கத்துத் தொகுதியின் கதவைத் தட்டுகிறார். பள்ளி விட்டு வரும் பிள்ளை, எந்தப் படியில் ஏறுவது என்று தெரியாமல் விழிக்கிறது. பெரும்பாக்கத்தில் தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடி; லிஃப்ட் நின்றுவிட்டால் பாட்டி குடத்தோடு படியேற வேண்டும். நெஞ்சு வலியால் ஒருவர் துடிக்கும்போது, 108 வண்டி ஒவ்வொரு தொகுதியாக எண் தேடி நின்றால், போகும் உயிருக்கு யார் பொறுப்பு?

"மாடி வீடு கொடுத்தாலும் இவர்களுக்கு வாழத் தெரியவில்லை" என்று ஏளனம் பேசும் மேதாவிகள் உண்டு. அவர்களை நாம் கேட்கிறோம்: சென்னையின் சந்து பொந்தெல்லாம் அறிந்தவர் யார்? மூட்டை சுமந்தவரும், ரிக்‌ஷா மிதித்தவரும், வீடு வீடாகப் பூ விற்றவரும் அல்லவா? நகரத்தைக் கட்டியவர்களுக்கே வழி தெரியாதபடி ஒரு நகரைக் கட்டிவிட்டு, தெரியாதது அவர்கள் குற்றம் என்பது என்ன நியாயம்?

2020-இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் ஓவியர்கள் பெரிய பெரிய சித்திரங்கள் தீட்டினார்கள். சுவருக்குச் சுவர் முகம் வேறானால் தெருவுக்கும் அடையாளம் பிறக்கும். சித்திரம் தீட்ட முடிந்த சுவரில், நாற்புறமும் தெரியும்படி தொகுதி எண்ணைப் பெரிதாக எழுத முடியாதா? முனைக்கு முனை தமிழில் பெயர்ப் பலகை, பேருந்து நிறுத்தத்தில் வழிப்படம், அதன்மேல் ஒரு விளக்கு: கஜானா காலியாகிவிடாது! தெருவுக்கு என்ன பெயர் என்பதையும் அங்கே வாழ்பவர்களே முடிவு செய்யட்டும்.

1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்துக்கு 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் சூட்டினார்கள். வாழ்விடம் என்றால் நான்கு சுவர் மட்டுமா? வேலைக்குப் போகும் வழியும் அதில் அடக்கம். அதே 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது, வரவேற்கிறோம். ஆனால், பழைய தெருவில் வீட்டு வேலை செய்யும் தாய் விடியலில் புறப்பட்டாக வேண்டுமே. அந்த நேரத்துக்குப் பேருந்து வேண்டாமா? இனி வீடு கட்டும்போது, பிழைப்பு நடக்கும் இடத்துக்கு அருகிலேயே கட்டுங்கள் என்பதே நம் முதற் கோரிக்கை.

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்பதா? தோழர்களே, புதிதாகக் குடும்பங்கள் வந்து இறங்கும் நாளில் நிறுத்தத்தில் நில்லுங்கள். சாமானில் ஒரு கை பிடியுங்கள். ரேஷன் கடையைக் காட்டுங்கள். பிள்ளைகளை ஒரு வாரம் பள்ளிவரை அழைத்துச் செல்லுங்கள். எண் அழிந்த சுவர்களைக் கணக்கெடுத்து, மனுவோடு வாரிய அலுவலகம் செல்லுங்கள்.

நேற்று வந்தவர் இன்று வருபவருக்கு வழி காட்டட்டும். தொகுதி ஊராகும்!