சீமைக்குப் படிக்கப் போன பெண்

உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும், எதிர்வீட்டிலோ மாடிவீட்டிலோ ஒரு பெண் இந்த வருஷம் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் தராசில் ஏறி இறங்கிப் பெட்டிக்குள் போகும். பாட்டி மட்டும், "தனியாகவா அனுப்பறேள்?" என்று கேட்பாள். பெண்ணின் அம்மாவுக்கும் மனசில் அதே கேள்விதான். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள்.

இந்தக் கேள்விக்கு 140 வருஷங்களுக்கு முன்பே ஒரு பெண் சபை நடுவே நின்று பதில் சொல்லிவிட்டாள். ஆனந்திபாய் ஜோஷி என்ற மராட்டியப் பெண். கல்கத்தாவுக்கு அருகே ஸ்ரீராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில், 1883 பிப்ரவரியில், இங்கிலீஷில் பேசினாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பவில்லை!

மேடை ஏறுவதற்குள் அவள் பட்டதைக் கேளுங்கள். ஒன்பது வயதில் கல்யாணம். கணவர் கோபால்ராவ் தபால் இலாகா உத்தியோகஸ்தர். அவளைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். முதல் தாரத்தை இழந்தவர். 14 வயதில் ஒரு பிள்ளை பிறந்து பத்தே நாளில் போய்விட்டது. தகுந்த வைத்தியம் கிடைத்திருந்தால் பிழைத்திருக்குமே என்ற எண்ணம் அந்தப் பெண்ணை விடவில்லை. ஆண் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வெட்கப்பட்டே செத்துப்போன பெண்கள் எத்தனை பேர்! நாமே டாக்டராகிவிட்டால் என்ன என்று தோன்றியது அவளுக்கு.

பம்பாயில் அவள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனபோது, தெருவில் நின்றவர்கள் கேலி செய்தார்களாம், கல்லையும் விட்டெறிந்தார்களாம். அதையெல்லாம் சபையில் ஒளிக்காமல் சொன்னாள். இந்தியாவில் படிக்க இடமில்லையா என்று கேட்டவர்களுக்கும் பதில் வைத்திருந்தாள். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள் என்பது நமக்குப் பெருமைதான். ஆனந்திபாயோ அந்தப் படிப்பு போதாது என்று தயங்காமல் சொல்லிவிட்டாள். சரி, ஏன் தனியாக? இருவருக்கும் போகப் பணமில்லை. கணவர் தாய் தகப்பனையும் தம்பி தங்கைகளையும் காப்பாற்றவேண்டும். ஜாதியை விட்டுத் தள்ளிவிடுவார்களே? ஹிந்துவாகப் போகிறேன், ஹிந்துவாகவே திரும்பி வருகிறேன் என்றாள்.

ஏப்ரலில் கல்கத்தாவில் கப்பலேறியவள் ஜூன் மாதம் நியூயார்க்கில் இறங்கினாள். அங்கே திருமதி கார்ப்பெண்டர் என்ற அமெரிக்க மாது காத்திருந்தாள். இந்த உறவு ஏற்பட்ட விதம் வேடிக்கையானது. பல் வைத்தியருக்காகக் காத்திருந்தபோது கையில் அகப்பட்ட பத்திரிகையில் கோபால்ராவின் கடிதத்தைப் படித்துவிட்டு, முகம் தெரியாத ஆனந்திக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தவள் அவள். ஆனந்தி அவளைச் சித்தி முறை வைத்தே கொண்டாடினாள். பல் வலியால்கூடச் சில நல்ல காரியங்கள் நடக்கின்றன பாருங்கள்!

பிலடெல்பியாவில் பெண்களுக்கென்றே இருந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தாள். மாமிசம் தொடமாட்டாள். அந்த ஊர்ப் பனிக்கு நம் ஒன்பது கஜக் கட்டு எப்படித் தாங்கும்? கால் தெரியுமே, குளிருமே! கணுக்கால்வரை மூடும் குஜராத்திக் கட்டுக்கு மாறினாள். மாறினது அவ்வளவுதான். 1885-ல் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. கைப்பேசியில் தேடினால் உங்களுக்கும் அகப்படும். ஜப்பானியப் பெண் ஒருத்தி, டமாஸ்கஸ் பெண் ஒருத்தி, நடுவே இல்லாவிட்டாலும் கண்ணை இழுக்கும் நம் ஆனந்தி. மூவரும் அவரவர் தேசத்து உடுப்பில்.

ஆனால் எனக்கு உடையும் பட்டமும் பெரிதாகப் படவில்லை. அவள் அங்கிருந்து கணவருக்கு எழுதிய ஒரு கடிதம்தான் பெரிதாகப் படுகிறது.

கோபால்ராவ் விசித்திரமான மனிதர். மனைவியைப் படிக்கவைக்க ஊரைப் பகைத்துக்கொண்டார். படிக்காமல் அடுக்களையில் நின்றால் அவளை அடித்தார். சீமைக்கு அனுப்பியதும் அவரே. அனுப்பிவிட்டுச் சந்தேகமும் பரிகாசமுமாகக் கடிதம் எழுதி அவளை வதைத்ததும் அவரே. இங்கே இருந்தவரையில் ஆனந்தி வாய் திறக்கவில்லை. கடல் தாண்டிய பிறகு எழுதினாள். பத்து வயதில் கட்டையால் அடித்தது, பன்னிரண்டு வயதில் நாற்காலியையும் புத்தகத்தையும் வீசியது, விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று பயமுறுத்தியது எல்லாவற்றையும் வயசுவாரியாக எழுதிக் காட்டினாள். நீங்கள் என்னை நடத்தியது நல்லதா கெட்டதா என்றால், இரண்டும்தான் என்று சொல்வேன் என்றாள். ஹிந்து ஸ்திரீக்குக் கணவனிடம் வாய் திறக்கவே உரிமையில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

இதில் ஆத்திரம் இல்லை. அழுகையும் இல்லை. கணக்கு எழுதுவது போல நிதானமாக எழுதியிருக்கிறாள். அவர் செய்த உபகாரத்தை மறக்கவுமில்லை, பட்ட அடியை மறைக்கவுமில்லை. உடற்கூறும் ரசாயனமும் கல்லூரியில் கற்றாள். இதை எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்? பக்கத்தில் இருந்தால் பயம்தான் தெரியும். ஆளைப் பார்க்க நடுவே ஒரு சமுத்திரம் தேவைப்பட்டிருக்கிறது அந்தப் பெண்ணுக்கு. வெளியூர் விடுதியிலிருந்து பெண் முதல் தடவையாகக் கொஞ்சம் எதிர்த்துப் பேசினால், "போன இடத்தில் கெட்டுப்போய்விட்டாள்" என்று போனை வைத்துவிடாதீர்கள், அம்மா.

1886 மார்ச் 11-ம் தேதி பட்டம் வாங்கினாள். பண்டித ரமாபாய் வந்து பார்த்தார். கோபால்ராவும் இருந்தார். பழைய ஆரிய ஹிந்துக்களின் பிரசவ வைத்தியத்தைப் பற்றியே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருந்தாள். கோலாப்பூர் ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை டாக்டராக வேலை காத்திருந்தது.

அந்த நாற்காலியில் அவள் உட்காரவே இல்லை. குளிரும் சரியில்லாத சாப்பாடும் உடம்பை உருக்கியிருந்தன, க்ஷயம் பற்றிக்கொண்டது. வருஷக் கடைசியில் ஊர் திரும்பியவள், 1887 பிப்ரவரி 26-ம் தேதி புனாவில் கண்ணை மூடினாள். இருபத்திரண்டாவது பிறந்த நாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அஸ்தியைக் கோபால்ராவ் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார். கார்ப்பெண்டர் அம்மாள் அதை வாங்கி, நியூயார்க் ராஜ்யத்தில் பொகிப்ஸி என்ற ஊரில் தன் குடும்பத்தார் அடங்கிய இடத்திலேயே வைத்தாள். கல்லில் பெயருக்குப் பக்கத்தில் எம்.டி. என்ற பட்டமும் செதுக்கியிருக்கிறது.