உடல் பருமன் ஆய்வில் நமக்குச் சரிபங்கு வேண்டும்

முப்பதைத் தாண்டினால் உடம்பு போடத்தான் செய்யும் என்று சொல்லாத வீடு தமிழ்நாட்டில் அநேகமாக இருக்காது. வயது ஏற ஏற வளர்சிதை மாற்றம் மந்தமாகிவிடுகிறது, அதனால்தான் சாப்பிட்டதெல்லாம் கொழுப்பாகத் தங்கிவிடுகிறது என்று விளக்கமும் கூடவே வரும். மருத்துவர்கள் பலரும் வெகுகாலம் இதையே நம்பினார்கள். 2021இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு இந்த நம்பிக்கையைப் புரட்டிப்போட்டது. பிறந்து எட்டே நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை, 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டோர் ஒரு நாளில் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறார்கள் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது. உடலின் அளவு, அதில் உள்ள கொழுப்பின் பங்கு ஆகியவற்றால் வரும் வித்தியாசத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால், 20 வயது முதல் 60 வயது வரை அந்தச் செலவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கிறது. அறுபதுக்குப் பிறகுதான் மெல்ல இறங்குகிறது. அப்படியானால், நாற்பது வயதில் விழும் தொப்பைக்கான காரணத்தை வேறு எங்கோ தேட வேண்டும்.

இந்த முடிவை எந்தத் தனி ஆய்வகமும் எட்டியிருக்க முடியாது என்பதைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆற்றல் செலவை அன்றாட வாழ்க்கையின் நடுவே துல்லியமாக அளக்க நம்பகமான வழி ஒன்றுதான் இருக்கிறது. ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றின் கனமான ஐசோடோப்புகள் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, அடுத்த ஓரிரு வாரங்களுக்குச் சிறுநீரைச் சேகரித்து, அந்த இரண்டு ஐசோடோப்புகளும் உடலைவிட்டு எவ்வளவு வேகத்தில் வெளியேறுகின்றன என்று பார்க்க வேண்டும். அந்தத் தண்ணீர் விலை மிகுந்தது. அதனால் ஓர் ஆய்வகம் ஐம்பது பேரை அளக்கும், வசதி இருந்தால் நூறு பேரை அளக்கும். பல பத்தாண்டுகளாக உலகின் பல மூலைகளில் எடுக்கப்பட்ட இத்தகைய அளவுகளை வியன்னாவிலுள்ள பன்னாட்டு அணுசக்தி முகமை ஒரே தரவுத்தளத்தில் சேர்த்தது. தங்கள் தரவைப் பூட்டி வைத்துக்கொள்ளாமல் ஆய்வாளர்கள் பொதுவில் வைத்த பிறகுதான் வயதுக்கும் ஆற்றலுக்கும் உள்ள உறவு கண்ணுக்குத் தெரிந்தது. இதே தரவுத்தளத்தைக் கொண்டு 2025இல் வெளியான இன்னொரு ஆய்வு, வேட்டையாடி வாழ்வோர் முதல் தொழில்மயமான நாடுகளில் வாழ்வோர் வரை 34 மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த 4,200க்கும் மேற்பட்டோரை ஒப்பிட்டது. உடல் அளவைக் கணக்கில் கொண்டால், வளர்ந்த நாட்டினரின் அன்றாட ஆற்றல் செலவு சிறிதளவே குறைந்திருக்கிறது. பருமன் பெருகியதை விளக்க அது போதாது. சுமையின் பெரும்பகுதி உணவின் மேல் விழுகிறது. உழைக்காததால்தான் குண்டாகிறார்கள் என்று பிறரைப் பழிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடையும் உடற்பயிற்சியும் இதயத்துக்கும் மனத்துக்கும் நல்லவை. அதில் இந்த ஆய்வு எதையும் மாற்றவில்லை.

உடல் பருமன், ஊட்டச்சத்து பற்றிய அறிவு இடத்துக்கு இடம், உடலுக்கு உடல் மாறக்கூடியது. ஓரிடத்தில் கண்டதை இன்னோரிடத்தில் அப்படியே விதியாக்க முடியாது. ஆகவே பல நாடுகள் சேர்ந்து செய்யும் ஆய்வு இன்றியமையாதது. அந்தக் கூட்டில் நாம் ரத்தமும் சிறுநீரும் தருபவர்களாக மட்டும் இருந்தால் போதாது. கேள்வியை வகுப்பதிலும், தரவை வைத்திருப்பதிலும், செலவை ஏற்பதிலும் சரிபங்கு எடுக்க வேண்டும்.

பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியீட்டெண்ணை எடுத்துக்கொள்வோம். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 25ஐத் தாண்டினால் அதிக எடை, 30ஐத் தாண்டினால் பருமன் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பொது வரையறை. அந்தக் கோடுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவைப் பார்த்துப் போடப்பட்டவை. 2004இல் ‘லான்செட்’ இதழில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் தங்கள் படத்தை அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3தான். ஆனால் யட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம்; யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23, 27.5 ஆகிய அளவுகளிலேயே கவனம் தேவை என்று பரிந்துரைத்தது. 2021இல் இங்கிலாந்தில் சுமார் 15 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது இது இன்னும் துலக்கமாயிற்று. வெள்ளையருக்குப் பி.எம்.ஐ. 30இல் எவ்வளவு நீரிழிவு ஆபத்து இருக்கிறதோ, அதே ஆபத்து தெற்காசியருக்கு 23.9இலேயே வந்துவிடுகிறது. இப்போது நம் நிலைமையைப் பாருங்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். அந்த ஆய்வு 25 என்ற பழைய கோட்டைத்தான் பயன்படுத்துகிறது. 23க்கும் 25க்கும் இடையில் நிற்பவர்கள் அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

அரிசி விஷயம் இதைவிட நெருடலானது. ‘ப்யூர்’ என்ற பன்னாட்டு ஆய்வில் 21 நாடுகளைச் சேர்ந்த 1,32,000க்கும் மேற்பட்டோரைச் சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட இந்த ஆய்வில் சென்னை நீரிழிவு ஆய்வாளர்களுக்கும் முக்கியப் பங்கு உண்டு. நாளொன்றுக்கு 450 கிராமுக்கு மேல் வெள்ளை அரிசிச் சோறு உண்பவர்களை 150 கிராமுக்குக் குறைவாக உண்பவர்களோடு ஒப்பிட்டு 2020இல் முடிவை வெளியிட்டார்கள். தெற்காசியாவில் அதிகம் உண்பவர்களுக்கு நீரிழிவு வரும் ஆபத்து 61 சதவீதம் கூடுதல். சீனாவில் அப்படிக் குறிப்பிடத்தக்க கூடுதல் எதுவும் இல்லை. சீனாவில் மட்டும் ஆராய்ந்திருந்தால் அரிசி அப்பாவி என்று தீர்ப்பாகியிருக்கும். சென்னையில் மட்டும் ஆராய்ந்திருந்தால் அரிசியே குற்றவாளி என்று முடிந்திருக்கும். இரண்டையும் ஒரே முறையில் அளந்ததால்தான் சரியான கேள்வி பிறந்தது: தட்டில் சோற்றோடு என்ன இருக்கிறது, அரிசி எவ்வளவு தீட்டப்படுகிறது, உண்பவர் என்ன வேலை செய்கிறார்? இது மக்களைக் கவனித்துச் செய்த ஆய்வுதான். காரணத்தை முழுமையாக நிரூபிக்கும் சோதனை அல்ல. ஆனாலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் ஆய்வு 2025இல் சொன்னதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி வெள்ளை அரிசி, அரைத்த தானிய மாவு, சர்க்கரை. மொத்த ஆற்றலில் ஐந்து சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பருப்பு போன்ற தாவரப் புரதத்துக்கோ பால் புரதத்துக்கோ மாற்றினாலே நீரிழிவு ஆபத்து குறையக்கூடும் என்று அந்த ஆய்வு கணித்தது. சோற்றை விடச் சொல்லவில்லை. கொஞ்சம் குறைத்துப் பருப்பையும் சுண்டலையும் கூட்டச் சொல்கிறது. இது எந்த ஏழை வீட்டிலும் பேசக்கூடிய யோசனை. நியாய விலைக் கடையில் துவரம்பருப்பின் அளவைப் பற்றி அரசு முடிவெடுக்கவும் இதில் ஆதாரம் இருக்கிறது.

பசியும் ரத்தசோகையும் தீராத நாட்டில் பருமனை ஆராயப் பணம் செலவிடுவதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பசியையும் பருமனையும் எதிரெதிராக நிறுத்துவது தவறு என்பதை இந்திய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. 1990களில் புனே அருகே ஆறு கிராமங்களில், யாக்னிக் குழுவும் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து தாய்மார்களையும் பிறந்த குழந்தைகளையும் அளந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. புனே குழந்தைகளுக்குத் தசையும் உள்ளுறுப்புகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. தோலுக்கடியிலான கொழுப்பு மட்டும் பெரிதாகக் குறையவில்லை. பார்வைக்கு மெலிந்த அந்தக் குழந்தை, பின்னாளில் நீரிழிவு வருவதற்கான உடலமைப்போடு பிறக்கிறது. 1969 முதல் 1972 வரை டெல்லியில் பிறந்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2004இல் இன்னொன்றைச் சொன்னது. இரண்டு வயது வரை மெலிந்திருந்து, அதற்குப் பிறகு பன்னிரண்டு வயதுக்குள் வேகமாக எடை கூடியவர்களுக்கே இளம் வயதில் சர்க்கரைக் கோளாறு அதிகம் வந்தது. அப்போது எவரும் அவர்களைக் குண்டு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பிரேசில், குவாதமாலா, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் இதே போன்ற ஆய்வுகளை டெல்லி ஆய்வோடு இணைத்துப் பார்த்தபோதும், முதல் இரண்டு ஆண்டுகளின் வளர்ச்சி நன்மையும் பிற்காலத்தில் வேகமாக ஏறும் எடை தீமையும் தருவது தெரிந்தது. தாயின் பசியில் தொடங்குவது மகனின் தொப்பையில் முடிகிறது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் ஆராய வேண்டும்.

இன்னும் சிலர், எல்லாம் தெரிந்ததுதானே, வாயைக் கட்டினால் வயிறு குறையும், இதற்கு எதற்கு ஆராய்ச்சி என்பார்கள். தெரிந்ததாக நினைத்தவற்றில் எத்தனை பொய்த்தன என்று மேலே பார்த்தோம். அமெரிக்காவில் ஆய்வாளர் கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட சோதனையில், இருபது பேரை மருத்துவ மையத்திலேயே நான்கு வாரங்கள் தங்கவைத்து, அதிகம் பதப்படுத்திய உணவை இரண்டு வாரமும், வீட்டுச் சமையலுக்கு நெருக்கமான உணவை இரண்டு வாரமும் கொடுத்தார்கள். இரண்டிலும் அவர்கள்முன் வைக்கப்பட்ட சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து அளவுகள் ஒன்றே. பதப்படுத்திய உணவை உண்டபோது, யாரும் வற்புறுத்தாமலேயே நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். வாயைக் கட்டுவது மனவுறுதியை மட்டும் பொறுத்ததல்ல, முன்னே வைக்கப்படும் உணவையும் பொறுத்தது. ஒரே மையத்தில் நடந்த சிறு சோதனைக்கும் பெரும் மதிப்பு உண்டு என்பதற்கும் இது சான்று. ஆனால் அங்கே பரிமாறியது அமெரிக்க உணவு. நம் பேக்கரி பப்ஸும் பாக்கெட் மிக்சரும் இங்குள்ள உடலில் என்ன செய்கின்றன என்பதை இங்கேதான் சோதிக்க முடியும்.

கூட்டு ஆய்வு என்றாலே தூய்மையானது என்று நான் சொல்ல மாட்டேன். 1965இல் அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் அமைப்பு ஹார்வர்டு விஞ்ஞானிகளுக்குப் பணம் கொடுத்து, இதய நோய்க்குக் கொழுப்பே காரணம், சர்க்கரை அல்ல என்று தொனிக்கும் கட்டுரையை எழுதவைத்தது 2016இல்தான் அம்பலமானது. கோகோ கோலா பணத்தில் இயங்கிய ஆற்றல் சமநிலைக்கான உலகக் கூட்டமைப்பு, உணவைவிட உடற்பயிற்சியின் மேல் கவனத்தைத் திருப்ப முயன்றது. பணம் எங்கிருந்து வந்தது என்பது செய்தியாக வெளிவந்ததும் 2015 இறுதியில் கலைக்கப்பட்டது. பல மையங்களில் நடக்கும் ஆய்வில் பிழையும் நேரும். மத்தியதரைக்கடல் உணவு பற்றிய ஸ்பெயினின் புகழ்பெற்ற ‘ப்ரெடிமெட்’ ஆய்வில், பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்தது சில இடங்களில் சரியாக நடக்கவில்லை என்று தெரிந்து, 2018இல் அதைத் திரும்பப் பெற்றுத் திருத்தி வெளியிட்டார்கள். வெளியிலிருந்து ஒரு மயக்கவியல் மருத்துவர் வெளியான எண்களைக் கூர்ந்து பார்த்ததால்தான் அந்தப் பிழை வெளிப்பட்டது. இதற்காகக் கூட்டாய்வைக் கைவிடுவது தீர்வல்ல. பணம் எங்கிருந்து வருகிறது என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும். தரவு பிறர் சரிபார்க்கத் திறந்திருக்க வேண்டும்.

பணத்துக்கு அயலாரையே நம்பியிருப்பதும் ஆபத்து. 2025 மே மாதம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம், தன் நிதியுதவி பெறும் அமெரிக்க நிறுவனங்கள் வழியாக வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்குப் பணம் போகும் முறையை நிறுத்துவதாக அறிவித்தது. ஓர் அரசின் கொள்கை மாறினால் இன்னொரு நாட்டுக் குழந்தைகளின் இருபதாண்டுப் பதிவு பாதியில் அறுந்துபோகலாம். இண்டியாப் ஆய்வால் 31 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1,13,000 பேரை அளந்து, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் மதிப்பிட முடிந்தது. அதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பொதுப்பணம் நிலையாகக் கிடைத்தது முக்கியக் காரணம். சொந்தப் பணத்தோடு அமர்பவருக்குத்தான் பேச்சில் சமமான இடம் கிடைக்கும்.

தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல வசதிகள் உண்டு. 1969 முதல் 1973 வரை பிறந்தவர்களைப் பின்தொடர்ந்த அனுபவம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு இருக்கிறது. பிரசவங்கள் ஏறக்குறைய அனைத்தும் மருத்துவமனையில் நடப்பதால் குழந்தையின் பிறப்பு எடை பதிவாகிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் வீட்டு வாசலிலேயே அளக்கிறது. 2022 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு பரிமாறப்படுகிறது. இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் கவுண்டியில் 1911 முதல் செவிலியர்கள் குழந்தைகளின் எடையைக் கவனமாகக் குறித்துவைத்ததால்தான், ஏறக்குறைய எண்பதாண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர் டேவிட் பார்க்கரால் பிறப்பு எடைக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பைச் சொல்ல முடிந்தது. நம் செவிலியர்களும் குறிக்கிறார்கள். அந்தக் குறிப்புகளை, பெயரையும் அடையாளத்தையும் நீக்கி, ஒன்றோடொன்று இணைத்து, பல்கலைக்கழகங்களும் அயல்நாட்டுக் கூட்டாளிகளும் விதிமுறைக்கு உட்பட்டுப் பயன்படுத்த அரசு வழிசெய்ய வேண்டும். காலை உணவு சாப்பிடும் குழந்தைகளில் ஒரு பகுதியினரையாவது உயரம், இடுப்புச் சுற்றளவு, தசை என்று இருபதாண்டுகள் பின்தொடர நிதி ஒதுக்க வேண்டும். உப்புமாவும் பொங்கலும் கொடுத்த நாட்களில் கூடுதலாக ஒரு கரண்டி சுண்டல் என்ன மாற்றத்தைத் தரும் என்பதை உலகமே அறிய விரும்பும்.

உங்கள் வீட்டுக்கு இப்படியான ஆய்வுக் குழு ஒன்று வந்தால், யார் பணம் தருகிறார்கள், ரத்த மாதிரியும் விவரங்களும் எங்கே வைக்கப்படும், முடிவை எங்களுக்கு எப்போது சொல்வீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். தெளிவான பதில் கிடைத்தால் பங்கெடுங்கள், பத்தாண்டு கழித்துத் திரும்ப வந்தாலும் கதவைத் திறங்கள். பதில் கிடைக்காவிட்டால் மறுக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.