முதலிடம் எந்த வாத்தியாருக்கு?

‘சார்பட்டா பரம்பரை’ குத்துச்சண்டைப் படம் 2021-இல் வந்தபின் அய்யம்பாளையம் டீக்கடை வரைக்கும் ரங்கன் வாத்தியாரைத் தெரியும். நிஜக் குத்துச்சண்டை வாத்தியார்களில் முதலிடம் யாருக்கு? டைசனை உருவாக்கிய கஸ் டமாட்டோவுக்கா, அலிக்குப் பக்கபலமாக நின்ற ஏஞ்சலோ டண்டிக்கா, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற விஜேந்தரை வளர்த்த பிவானி ஜெகதீஷ் சிங்குக்கா? பட்டங்களை எண்ணி வரிசைப்படுத்துவது சுலபம். ஆனால் நல்ல சீடன் அமைவதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. என் ஓட்டு எடி ஃபட்ச்சுக்கு. 1975-இல் மணிலாவில் அலியுடன் 14 சுற்று முடிந்து, கண் வீங்கிப் பார்வை மங்கிய பிறகும் அவருடைய சீடர் ஃப்ரேசியர் மோதத் துடித்தார். ஃபட்ச் கடைசிச் சுற்றுக்கு அனுப்பவில்லை. உலகப் பட்டத்துக்கான வாய்ப்பு போனது, ஆள் மிஞ்சினார். அடிக்கச் சொல்லித்தர ஆயிரம் பேர் உண்டு. ‘போதும்’ என்று தடுக்கத் துணிந்தவரே பெரிய வாத்தியார்.