38ஆம் உறுப்புரையும் கற்பிட்டி மண்ணெண்ணெயும்

ஒரு நாட்டின் தலைவரைப் பதவிக்காலம் முடியும் முன்னரே வீட்டுக்கு அனுப்பும் உரிமை யாருக்கு உண்டு? மக்களுக்கு என்று உடனே சொல்லிவிடலாம். இலங்கையில் 2022 ஜூலையில் அதுதான் நடந்தது. மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். கோத்தாபய ராஜபக்ச 13ஆம் திகதி நாட்டைவிட்டு வெளியேறினார். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல் கடிதத்தை அனுப்பினார். ஆனால் அந்த வேலையைச் சட்டப்படி செய்யக் கடமைப்பட்ட 225 பேர் கொண்ட சபை அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வி இன்னும் எஞ்சி நிற்கிறது.

அந்த ஆண்டில் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் நான் அதிகமாகக் கேட்ட கேள்வியும் அதுவே. கற்பிட்டியிலும் சிலாபத்திலும் மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. பின்னர் அதே ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாயாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில், ஒரே அறிவிப்பில் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டபோது கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டவர்கள் தலையில் கைவைத்தார்கள். உரம் இல்லாமல் அந்த மணலில் என்ன விளையும்? உடப்பில் வயதான மீனவர் ஒருவர், மந்திரியை இறக்கத் தீர்மானம் உண்டு, பிரதமரை இறக்கத் தீர்மானம் உண்டு, இவரை இறக்க ஒன்றும் இல்லையா என்று என்னிடம் கேட்டார். இருக்கிறது ஐயா, ஆனால் அது நடக்காது என்றேன். ஏன் நடக்காது என்பதை அன்று நின்ற நிலையில் விளக்க முடியவில்லை. இங்கே விளக்க முயல்கிறேன்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 38ஆம் உறுப்புரை வழியைச் சொல்கிறது. நிரந்தர உடல், உள இயலாமை, அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறுதல், தேசத்துரோகம், இலஞ்சம், அதிகாரத் துஷ்பிரயோகத்தோடு கூடிய தீயநடத்தை அல்லது ஊழல், ஒழுக்கக்கேடான குற்றம் ஆகியவையே காரணங்கள். பிரேரணையில் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள், அதாவது 150 பேர், ஒப்பமிட வேண்டும். அல்லது பாதிப்பேர் ஒப்பமிட்டு, விசாரணைக்குத் தகுதி உண்டெனச் சபாநாயகர் திருப்திப்பட வேண்டும். பின்னர் 150 வாக்குகளால் அது நிறைவேற வேண்டும். அதன் பிறகே உயர் நீதிமன்றம் விசாரிக்கும். நீதிமன்றம் குற்றவாளி எனக் கண்டாலும் அவர் உடனே போய்விடமாட்டார். மீண்டும் 150 வாக்குகள் வேண்டும். இத்தனைக்கும் நடுவில் குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் முழு அதிகாரத்தோடும் நாற்காலியில் இருப்பார்.

இந்தக் கதவை உண்மையில் தட்டிப் பார்த்தது ஒருமுறைதான். 1991 ஓகஸ்டில் லலித் அத்துலத்முதலியும் காமினி திசாநாயக்கவும் ஆளுங்கட்சிக்குள் இருந்தபடியே, எதிர்க்கட்சியின் துணையோடு ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிராகக் குற்றப்பிரேரணை கொடுத்தார்கள். சபாநாயகர் எம். எச். முகம்மது முதலில் அதை ஏற்றுக்கொண்டார். சபாநாயகர் ஏற்ற பிறகு பாராளுமன்றத்தைக் கலைக்க முடியாது என்று அரசியலமைப்பு தடுத்திருந்தது. ஆனால் ஒத்திவைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. பிரேமதாச அந்த மாத இறுதியிலேயே கூட்டத்தொடரை முடித்துவைத்தார். அந்த இடைவெளியில், ஒப்பமிட்டவர்களிற் பலர் தாம் இடவில்லை என்றும் ஏமாற்றப்பட்டோம் என்றும் சொல்லத் தொடங்கினார்கள். ஒக்டோபரில் போதிய செல்லுபடியான ஒப்பங்கள் இல்லையெனச் சபாநாயகர் பிரேரணையைத் தள்ளினார். கலகக்காரர்கள் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றமும் அந்த நீக்கத்தைச் செல்லுபடியாக்கியதால் பாராளுமன்ற ஆசனங்களையும் இழந்தார்கள். பிரேமதாச மீதான குற்றச்சாட்டுகள் உண்மையா பொய்யா என்பதை இறுதிவரை எந்த மன்றமும் விசாரிக்கவில்லை. குற்றஞ்சாட்டியவர்களுக்கும் அது நியாயமல்ல, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் அது நியாயமல்ல.

இதற்கு நேர்மாறானது 2013இல் நடந்தது. பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிரான பிரேரணை 2012 நவம்பர் தொடக்கத்தில் கையளிக்கப்பட்டது. தெரிவுக்குழு விசாரணைக்குச் சட்டவலு இல்லையென உயர் நீதிமன்றம் கூறியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் குழுவின் அறிக்கையையே இரத்துச் செய்தது. ஆயினும் ஜனவரி 11ஆம் திகதி 155 வாக்குகளால் பிரேரணை நிறைவேறியது. இரண்டரை மாதத்துக்குள் நாட்டின் முதல் நீதிபதி வீட்டுக்குப் போனார். ஜனாதிபதி விரும்பினால் பாராளுமன்றத்தின் கை எவ்வளவு விரைவாக நீளும் என்பதையும், குற்றஞ்சாட்டுபவரே தீர்ப்பளித்தால் நீதி என்னவாகும் என்பதையும் அந்த ஒரே நிகழ்வு காட்டிற்று.

மூன்றில் இரண்டு பங்கு இந்நாட்டில் கிடைக்காத பொருளல்ல. ஜனாதிபதியின் இருதவணை வரம்பை நீக்கிய 18ஆம் திருத்தத்துக்கு 2010இல் 161 வாக்குகள் கிடைத்தன. அதிகாரங்களைத் திருப்பிக் கொடுத்த 20ஆம் திருத்தத்துக்கு 2020இல் 156 கிடைத்தன. அவற்றிற் சில எதிரணியிலிருந்து வந்தவை. அதிகாரத்தைக் கொடுக்கக் கிடைக்கும் எண்ணிக்கை, அதற்குக் கணக்குக் கேட்கும்போது மட்டும் காணாமற்போகிறது.

எப்போது ஜனாதிபதியை விலக்க வேண்டும்? உரத்தடை பெரும் மடமை. எங்கள் கரையோரம் அதற்குக் கொடுத்த விலை அதிகம். ஆனாலும் மடமைக்குக் குற்றப்பிரேரணை மருந்தல்ல என்பது என் கருத்து. அதை மருந்தாக்கினால், விருப்பமில்லாத கொள்கை கொண்ட ஒவ்வொரு தலைவரும் ஒவ்வொரு பட்ஜெட்டின்போதும் விசாரணைக் கூண்டில் நிற்பார். மாறாக 2018ஐப் பாருங்கள். மைத்திரிபால சிறிசேன நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். அது அரசியலமைப்புக்கு முரணானது என்று டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்கள் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். 38ஆம் உறுப்புரை யாருக்காக எழுதப்பட்டதோ அந்தச் சந்தர்ப்பம் இதுதான். மீறல் வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்பதையேனும் விசாரித்திருக்கலாம். ஆனால் அதற்கு முந்திய நாள் ரணில் விக்கிரமசிங்கவுக்குக் கிடைத்த நம்பிக்கை வாக்குகள் 117. 150க்கு 33 குறைவு. ஆகவே எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு மறந்துவிட்டார்கள்.

2022 மே 17ஆம் திகதி, ஜனாதிபதி மீதான அதிருப்திப் பிரேரணையை விவாதிக்க நிலையியற் கட்டளைகளை இடைநிறுத்தும்படி எம். ஏ. சுமந்திரன் கேட்டார். பதவி நீக்கம்கூட அல்ல, பேசுவதற்கு அனுமதி மட்டுமே. அதுவும் 68க்கு 119 என்ற கணக்கில் தோற்றது. இரண்டு மாதத்துக்குள் தெரு அந்த விவாதத்தை முடித்துவைத்தது.

எப்படி விலக்குவது என்பதற்குத் தென்கொரியாவைப் பார்க்கலாம். 2024 டிசம்பரில் இராணுவச் சட்டத்தை அறிவித்த யூன் சுக் இயோல் மீது, 300 பேர் கொண்ட சபையில் 204 வாக்குகளால் குற்றப்பிரேரணை நிறைவேறியது. அந்தக் கணமே அவருடைய அதிகாரம் இடைநிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 4ஆம் திகதி எட்டு நீதிபதிகளும் ஒருமித்து அவரை நீக்கினார்கள். அங்கும் மூன்றில் இரண்டு வேண்டும்; ஆனால் ஒரே ஒருமுறை. முடிவைச் சொல்வது நீதிமன்றம். ஆளுங்கட்சியிற் சிலரும் எதிர்த்து வாக்களித்தார்கள்.

இலங்கைக்கு நான்கு மாற்றங்கள் போதும். நீதிமன்ற விசாரணைக்கு அனுப்பச் சபையிற் பாதிப்பேர் போதும், இறுதி நீக்கத்துக்கு மட்டும் மூன்றில் இரண்டு வேண்டும். பிரேரணை கையளிக்கப்பட்ட நாளிலிருந்து கூட்டத்தொடரை முடித்துவைக்கவும் கூடாது. ஒப்பங்களைச் சில நாட்களுக்குள் பகிரங்கமாகச் சரிபார்த்துவிட வேண்டும். ஒருவர் இரவில் ஒப்பமிட்டுக் காலையில் மறுக்க இடமிருக்கக் கூடாது. குற்றப்பிரேரணையில் ஒப்பமிட்டதற்காகவோ வாக்களித்ததற்காகவோ எவரும் ஆசனத்தை இழக்கக் கூடாது.

இந்த நான்கில் கடைசியே முதன்மையானது. 2024 நவம்பர் தேர்தலில் ஜனாதிபதியின் கட்சியே 159 ஆசனங்களை வென்றது. அத்தகைய சபையில் தலைவரைத் தட்டிக்கேட்பதென்றால் அவருடைய சொந்த வரிசையிலிருந்துதான் குரல் எழ வேண்டும். அந்தக் குரலுக்குரியவர் மறுநாளே ஆசனத்தை இழப்பார் என்றால் யார் எழுவார்? நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று 1994 முதல் வாக்குறுதி கேட்டுக் களைத்தவர்கள் நாம். ஒழிப்பவர் ஒழிக்கட்டும். அதுவரை, நேர்மையான ஜனாதிபதி ஒருவர் அஞ்ச வேண்டியது இந்த நான்கு மாற்றங்களில் எதுவும் இல்லை. அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும் வேட்பாளரிடம், புத்தளத்திலும் மற்ற எந்த மாவட்டத்திலும், நாம் கேட்க வேண்டியது இது ஒன்றே: உங்கள் தலைவர் அரசியலமைப்பை மீறினால் நீங்கள் ஒப்பமிடுவீர்களா?