ஆளில்லாத் தீவும் ஆளுள்ள கடலும்

தமிழ்நாட்டில் தேர்தல் வந்தால் கூடவே கச்சத்தீவும் வந்துவிடுகிறது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் பிரதமரே அதைப் பேசினார். 2025 ஏப்ரல் 2 அன்று, தீவை மீட்க வேண்டுமென்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. மேடை கலைந்ததும் தீவு மறுபடி கடலுக்குள் போய்விடுகிறது. மீனவன் மட்டும் கடலிலேயே நிற்கிறான்.

தோழர்களே, முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். ராமேஸ்வரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 33 கிலோமீட்டர் தொலைவில், நெடுந்தீவுக்குத் தென்மேற்கே கிடக்கும் 285 ஏக்கர் நிலம் அது. குடிதண்ணீர் இல்லை, ஊர் இல்லை. ஓர் அந்தோணியார் கோயில் உண்டு. ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்கு இரு கரைத் தமிழ் மீனவர்களும் படகேறி வருகிறார்கள். மற்ற நாட்களில் வலை காயப்போடவும் களைப்பாறவும் பயன்பட்ட திட்டு. ராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீன் கணக்கில் இருந்தது. இலங்கையும் நெடுங்காலமாக உரிமை கோரி வந்தது.

1974 ஜூன் 26, 28 தேதிகளில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளி எல்லைக் கோடு விழுந்தது. தீவு இலங்கைப் பக்கம் போயிற்று. அன்றைய முதல்வர் கருணாநிதி எதிர்த்தார். சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. டெல்லி கேட்கவில்லை.

ஆனால் அந்த ஒப்பந்தத்தின் 5-வது பிரிவைப் பலரும் படிப்பதில்லை. இந்திய மீனவரும் யாத்ரீகரும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம், விசா தேவையில்லை என்கிறது அது. மீன்பிடி உரிமைக்குப் பாதகமில்லை என்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். அந்த உறுதி இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் எல்லை வகுத்தபோது, ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக்கூடாது என்று இரு அரசுகளும் கடிதம் மாற்றிக்கொண்டன. அப்போது நாட்டில் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டிலோ 1976 ஜனவரி 31 அன்றே ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. எதிர்த்துக் குரல் கொடுக்கச் சட்டமன்றமே இல்லாத நேரம் பார்த்துத்தான் கடல் கைமாறியது. உண்மையான இழப்பு 285 ஏக்கர் மண்ணில் இல்லை. இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது.

இதே இரு அரசுகள் மனிதர்களையும் இப்படித்தான் பங்கு போட்டன. 1964 ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்றார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் இங்கே கேரளத்தில் புனலூர் ரப்பர் தோட்டங்களில் குடியேற்றப்பட்டார்கள். தீவுக்கு வாய் இல்லை. வாய் இருந்த மக்களையும் யாரும் கேட்கவில்லை.

இனி கசப்பான பக்கத்தையும் பேச வேண்டும். பாக் நீரிணையின் மறுகரையில் இருப்பவனும் தமிழன்தான். 1983 முதல் 2009 வரை போர் அவனைக் கடலிலிருந்து விரட்டியது. போர் முடிந்து அவன் வலையோடு திரும்பியபோது, நம் விசைப்படகுகளின் இழுவைமடி அவன் வலையை அறுத்துக்கொண்டு போனது. இழுவைமடி கடலடியை வழித்தெடுக்கிறது, குஞ்சும் மிஞ்சாது. 2017-ல் இலங்கை அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. நாளைக்கே தீவு திரும்பி வந்தாலும், வழித்தெடுத்த கடலில் மீன் எங்கிருந்து வரும்? நம் பக்கத்து நாட்டுப்படகு மீனவனும் இதையேதான் கேட்கிறான்.

படகு முதலாளி கரையில் இருக்கிறான். பங்குக் கூலிக்குப் படகேறியவன் யாழ்ப்பாணச் சிறைக்குப் போகிறான். துப்பாக்கிக்கு மார்பு காட்டியவனும் அவனே. ஆகவே இலங்கைக் கடற்படையின் அடக்குமுறையைக் கண்டிக்கும்போதே இழுவைமடியையும் கண்டிக்காமல் இருப்பது அரைநியாயம்.

கொச்சங்காடியில் இருக்கும் நமக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். நம் பக்கத்திலுள்ள தோப்பும்படித் துறைமுகத்தில் குமரி மாவட்டத் தமிழர்கள் ஆழ்கடலுக்குப் போய் மீன் கொண்டுவருகிறார்கள். அந்த வழியில் பாக் நீரிணை மீனவரையும் திருப்ப 2017-ல் ஒரு திட்டம் வந்தது. இழுவைப் படகைக் கொடுத்தால் ஆழ்கடல் படகு. விலை 80 லட்சம். அதில் 70 சதவிகிதம் மத்திய, மாநில அரசுகளின் மானியம். அந்தப் படகுகளில் சில நம் கொச்சி கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டப்பட்டன. 2,000 படகுகள் என்று பேசிய திட்டம் சில டஜன்களில் தள்ளாடியது. மிச்சக் கடனைக் கட்ட வழியில்லாத மீனவனுக்கு 80 லட்சம் என்பது பயமுறுத்தும் தொகை அல்லவா?

நாம் கேட்க வேண்டியவை மூன்று. 5-வது பிரிவு நாடாளுமன்றத்தில் சொன்ன பொருளிலேயே அமலாக வேண்டும். கடன் சுமை இல்லாமல் இழுவைப் படகுகளை அரசே வாங்கிக்கொண்டு மாற்றுப் படகு தரவேண்டும். 2010-லும் 2014-லும் இரு கரை மீனவப் பிரதிநிதிகள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சு மீண்டும் நடக்க வேண்டும், அதன் முடிவை இரு அரசுகளும் ஏற்க வேண்டும்.

அந்தோணியார் கோயிலில் ஒரே பந்தியில் அமரத் தெரிந்த மக்களுக்கு ஒரே கடலில் முறைவைத்துப் பிழைக்கவும் தெரியும். "மீட்போம்" என்று வாக்குக் கேட்டு வருபவரிடம், எந்த உரிமையை, யாருக்காக, எப்படி என்று கேளுங்கள். பதில் வராவிட்டால், அவருக்கு வேண்டியது தீவல்ல, நம் ஓட்டு என்று தெரிந்துகொள்ளுங்கள்!