காற்றையும் காசு கொடுத்து வாங்கும் காலம்: சுத்திகரிப்புக் கருவி எவ்வளவு தூரம் காக்கும்?

(நமது தில்லி நிருபர்)

தீபாவளி முடிந்து கார்த்திகை பிறந்துவிட்டால், தில்லித் தமிழர் வீடுகளில் முன்பெல்லாம் கம்பளியையும் ரஜாயையும் வெயிலில் போடுவது பற்றித்தான் பேச்சு நடக்கும். இப்போது பேச்சு காற்றைப் பற்றியது. கரோல் பாக், ராமகிருஷ்ணபுரம், மயூர் விஹார், ஜனக்புரி என நம்மவர் கூடும் இடங்களிலெல்லாம் ஒரே கேள்விதான் எழுகிறது: காற்றைச் சுத்தம் செய்யும் கருவியை வாங்கலாமா? வாங்கினால் பணத்துக்கேற்ற பலன் உண்டா?

இந்தக் கேள்வி நீதிமன்றப் படியும் ஏறியது. 2025 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு விசாரணைக்கு வந்தது. காற்றுச் சுத்திகரிப்புக் கருவியை மருத்துவ சாதனமாகக் கருதி, அதன் மீதான 18 சதவிகித ஜி.எஸ்.டி.யை 5 சதவிகிதமாகக் குறைக்க வேண்டும் என்பது மனுதாரரின் கோரிக்கை. சுத்தமான காற்றைத் தர இயலாவிட்டால் வரியையாவது குறைக்கலாகாதா என்ற பொருளில் நீதிபதிகள் கேட்டனர். வரி விகிதத்தை நிர்ணயிப்பது ஜி.எஸ்.டி. கவுன்சிலின் அதிகாரம் என்பது மத்திய சர்க்காரின் வாதம்.

வரி குறைந்தால் நல்லதுதான். ஆனால் மாதச் சம்பளத்தில் காலம் தள்ளும் குமாஸ்தாவும், தினக்கூலி பெறும் தொழிலாளியும் வரிக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு. கருவி எவ்வளவு உழைக்கும், எவ்வளவு இரையும், நித்தியப்படி கையாள்வது எளிதா என்பவையே அவை.

நோய் என்ன?

2024 நவம்பர் 18 அன்று தில்லியின் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டியது. இந்தக் குறியீட்டின் உச்ச எண்ணே 500தான். 400-க்கு மேல் போனாலே 'கடுமை' என்று பெயர். பள்ளிகள் மூடப்பட்டன, அந்த வாரமே தில்லி அரசு அலுவலகங்களில் பாதிப் பேரை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது.

குறியீட்டை இந்த உயரத்துக்குத் தூக்குவது பெரும்பாலும் 'பி.எம். 2.5' எனப்படும் நுண்துகள். இரண்டரை மைக்ரானுக்கும் சிறியது. தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. மூக்கு மயிரோ தொண்டைச் சளியோ இதைத் தடுத்து நிறுத்துவதில்லை. நுரையீரலின் அடி வரை சென்று, ரத்தத்திலும் கலக்க வல்லது. ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று நமது நாட்டின் 2009-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த அளவோ 15தான். தில்லியின் குளிர்கால நாட்களில் இது 300-ஐத் தொடுவது அபூர்வமல்ல.

கருவி செய்வது என்ன?

கருவியின் அமைப்பில் மாய மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு விசிறி, அதன் முன்னே ஒரு வடிகட்டி, அவ்வளவே. 'ஹெபா' வகை வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவிகிதத்தைப் பிடித்துவிடும். விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் வரும் எண் இதுதான். எண் பொய்யல்ல, ஆனால் அது வடிகட்டியைக் கடந்து வரும் காற்றுக்கு உரியது. அறை முழுவதும் அவ்வளவு சுத்தமாகிவிடும் என்று பொருள் கொள்ளலாகாது.

பார்க்க வேண்டிய எண் வேறு. ஒரு மணி நேரத்தில் கருவி எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்றைத் தருகிறது என்பதே அது. பெட்டியின் மேல் 'சி.ஏ.டி.ஆர்.' என்ற எழுத்துகளுடன் அச்சிட்டிருப்பார்கள். கருவியை உச்ச வேகத்தில் ஓட்டி அளந்த கணக்கு அது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

சர்க்கார் குடியிருப்பின் நடுத்தர அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி, உயரம் பத்தடி. கன அளவு சுமார் 34 கன மீட்டர். மணிக்கு 200 கன மீட்டர் தரும் கருவி, இந்த அறைக் காற்றை மணிக்கு ஆறு முறை வடிகட்டும். ஜன்னலை மூடினாலும் இடுக்கு வழியே வெளிக் காற்று மணிக்கு ஒரு முறை அறையை நிரப்புவதாகவும், வெளியே துகள் அளவு 300 என்றும் வைத்துக்கொண்டால், உள்ளே அது சுமார் 43-க்கு இறங்கும். நமது விதிக்கு உட்பட்ட அளவு, பாராட்ட வேண்டியதே.

அதே ஜன்னல் சரியாகப் பொருந்தாமல், வெளிக் காற்று மணிக்கு இரு முறை புகுந்தால் அளவு 76 ஆகும். கதவையோ ஜன்னலையோ திறந்து வைத்து, மணிக்குப் பத்து முறை காற்று மாறினால் 190-ஐ நெருங்கும். கருவி அதே கருவி. ஓடும் வேகமும் அதே வேகம். ஜன்னல் இடுக்கில் பஞ்சுப் பட்டை ஒட்டச் செலவாகும் சில நூறு ரூபாய், கருவிக்குக் கொடுக்கும் ஆயிரங்களின் பலனைத் தீர்மானிக்கிறது. பழைய குடியிருப்புகளில் வசிப்போர் முதலில் கவனிக்க வேண்டியது ஜன்னலைத்தான்.

இரைச்சல் என்னும் இடறல்

மேலே சொன்ன கணக்கெல்லாம் உச்ச வேகத்துக்கு. அந்த வேகத்தில் பல கருவிகள் 50 டெசிபலுக்கு மேல் இரைகின்றன. சில 60-ஐயும் எட்டுகின்றன. சாதாரணப் பேச்சே ஏறக்குறைய 60 டெசிபல்தான். படுக்கை அறையில் இரவு நேர இரைச்சல் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே கூறியது. டெசிபல் கணக்கில் பத்து கூடினால், காதுக்கு இரைச்சல் இரட்டித்தது போலத் தோன்றும். ஒரே அறையில் குழந்தை படிக்க, பெரியவர் உறங்க, வீட்டுக்காரர் டெலிவிஷன் பார்க்க வேண்டிய குடும்பத்தில் இந்த இரைச்சலை யார் பொறுப்பார்கள்?

ஆகவே பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். இரவு பத்து மணிக்குக் கருவியை 'தூக்க' வேகத்துக்குத் தணித்துவிடுகிறார்கள். சத்தம் அடங்குகிறது, சுத்தமும் அடங்குகிறது. 200 கன மீட்டர் கருவி இந்த நிலையில் 60 தருவதாகக் கொண்டால், அதே மூடிய அறையில் துகள் அளவு 43-லிருந்து 109-க்கு ஏறிவிடும். இடுக்குள்ள அறையானால் 160. தூங்குவது எட்டு மணி நேரம். நன்றாக வடிகட்டியது அதற்கு முந்திய ஒரு மணி நேரம். விளம்பரம் ஒரு வேகத்துக்கு, வாழ்க்கை இன்னொரு வேகத்துக்கு என்றாகிவிடுகிறது.

இதற்கு வழி இல்லாமலில்லை. அறைக்குத் தேவையானதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு திறனுள்ள கருவியை வாங்கி, நடு வேகத்தில் ஓட்டலாம். மணிக்கு 350 கன மீட்டர் கருவி நடு வேகத்தில் 180 தந்தால், மூடிய அறையில் அளவு 50-க்குள் அடங்கும்; உறக்கமும் கெடாது. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "உச்ச வேகத்தில் எவ்வளவு?" என்பதல்ல, "தூங்கக்கூடிய வேகத்தில் எவ்வளவு?" என்பதே. கடையின் சந்தடியில் எந்தக் கருவியும் அமைதியாகத்தான் தோன்றும். திருப்பித் தரும் வசதியுடன் வாங்கி, வீட்டில் ஓர் இரவு ஓட்டிப் பார்ப்பது உத்தமம்.

கையாள்வது எளிதா?

பொத்தானை அழுத்துவது எளிதுதான்; பராமரிப்பில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். முன்பக்கத்து வலையைக் குளிர்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது தூசு தட்ட வேண்டும். ஹெபா வடிகட்டியைத் தண்ணீரில் அலசலாகாது, அலசினால் கெட்டது. ஓராண்டு வரும் என்று சொல்லப்படும் வடிகட்டி தில்லித் தூசியில் அதற்கு முன்பே கறுத்து அடைத்துக்கொள்ளக்கூடும். அடைத்த வடிகட்டியின் வழியே காற்று குறைவாகவே வரும். ஆகவே மாற்று வடிகட்டியின் விலை என்ன, எப்போதும் கிடைக்குமா என்பதைக் கருவி வாங்கும் முன்பே விசாரிக்க வேண்டும்.

கருவியில் எரியும் பச்சை விளக்கை முழுதும் நம்பவும் வேண்டாம். அதன் உணர்வான் கருவியிலேயே இருப்பதால், கருவியைச் சுற்றியுள்ள காற்றையே அளக்கிறது. தனியாக விற்கும் சிறு அளவுமானி ஒன்றை நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கி, தலையணைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கருவியைச் சுவர் மூலையில் முடுக்கி வைப்பதும், திரைச்சீலைக்குப் பின்னால் மறைப்பதும் அதன் மூச்சை அடைப்பதாகும்.

நமது வீடுகளுக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. ஊதுவத்தி, சாம்பிராணி, கடுகும் மிளகாயும் தாளிக்கும் புகை எல்லாமே நுண்துகள்தான். சமையல் நடக்கும்போது வெளியேற்றும் விசிறியைப் போடுவதும், சாம்பிராணியைப் படுக்கை அறைக்குக் கொண்டு போகாதிருப்பதும் செலவில்லாத சுத்திகரிப்பு. பிற்பகல் இரண்டு மணி சுமாருக்கு வெயில் ஏறி மாசு சற்றுத் தணியும். அப்போது ஜன்னலைச் சிறிது நேரம் திறந்து விடலாம்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

ஹெபா வடிகட்டி துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. குளிருக்குக் கரி அங்கீட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் கார்பன் மோனாக்சைடு நச்சால் மடிந்த செய்தி வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் வருகிறது. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயுவை எந்த வீட்டுச் சுத்திகரிப்புக் கருவியும் அகற்றாது. கருவி ஓடுகிறது என்ற தைரியத்தில் யாரும் அங்கீட்டியை உள்ளே வைக்கலாகாது. அதேபோல், 'அயனி' முறையில் இயங்கும் சில கருவிகள் ஓசோன் வாயுவை வெளியிடுகின்றன. ஓசோனே நுரையீரலை உறுத்தும் பொருள். சாதாரண ஹெபா வகையே போதுமானது.

வரியும் வரவும்

இனிக் கணக்குக்கு வருவோம். கருவியின் விலை வரிக்கு முன் ரூ.10,000 என்றால், 18 சதவிகித வரியுடன் ரூ.11,800 ஆகும். 7-வது சம்பளக் கமிஷன்படி 2016-ல் கீழ்நிலைக் குமாஸ்தாவுக்கு நிர்ணயமான ஆரம்ப அடிப்படைச் சம்பளம் ரூ.19,900, அதில் பாதிக்கு மேல் ஓர் அறைக்கே போய்விடும். ஐந்தாண்டில் நான்கு முறை வடிகட்டி மாற்ற, ஒன்று ரூ.2,000 வீதம் ரூ.8,000. 50 வாட் கருவி குளிர்காலத்தில் 120 நாள், நாளுக்குப் பத்து மணி ஓடினால் ஆண்டுக்கு 60 யூனிட் மின்சாரம், யூனிட் ரூ.6 என்றால் ஐந்தாண்டுக்கு ரூ.1,800. ஆக மொத்தம் ரூ.21,600.

வரி 5 சதவிகிதமானால் கருவியில் ரூ.1,300 மிச்சம். வடிகட்டிக்கும் அதே சலுகை கிடைத்தால் மேலும் சுமார் ரூ.900. மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. உதவிதான், ஆனால் பரிகாரம் ஆகாது. வடிகட்டியை விட்டுவிட்டுக் கருவிக்கு மட்டும் சலுகை தந்தால் பயன் இன்னும் குறையும்.

வீட்டில் ஆஸ்துமா நோயாளியோ, இருதய நோயாளியோ, கைக்குழந்தையோ, வயதான பெற்றோரோ இருந்தால், படுக்கை அறைக்கு ஒரு நல்ல கருவி வாங்குவது வீண் செலவல்ல. மற்றவர்கள் ஜன்னலை அடைத்து, புகையைக் குறைத்து, வெளியே போகையில் என்-95 முகமூடி அணிந்தாலே கணிசமான பலன் பெறலாம். கடன் வாங்கி ஒவ்வோர் அறைக்கும் கருவி வைக்க வேண்டிய அவசியமில்லை.

அறைக்கு வெளியே இருப்பவர்கள்

2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரமிருந்த மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 குடும்பங்களில் 189 மட்டுமே மாற்று வீட்டுக்குத் தகுதி பெற்றன; அவையும் தில்லியின் வடகோடியிலுள்ள நரேலாவில். அங்கே வாழ்ந்த தமிழ்ப் பெண்களில் பலர் பெரிய வீடுகளைப் பெருக்கித் துடைத்துப் பிழைத்தவர்கள். பிறர் வீட்டுக் கருவியின் மேல் படிந்த தூசியைத் துடைக்கும் கைகளுக்குச் சொந்தமாக ஒரு கருவி எட்டாது. கட்டட வேலையிலும் சாலையோரக் கடையிலும் பகல் முழுவதும் நிற்பவருக்கு, இரவில் ஓர் அறையைச் சுத்தம் செய்யும் கருவி எந்த அளவுக்கு உதவும்? காற்று கெட்டதென்று கட்டட வேலையை நிறுத்தினால், அவருக்கு மூச்சோடு கூலியும் நின்றுபோகிறது.

2019-ல் தேசிய தூய காற்றுத் திட்டம் வந்தது. 2021-ல் காற்றுத் தர மேலாண்மைக் கமிஷனுக்குத் தனிச் சட்டமே வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கன்னாட் பிளேஸ் அருகே சுமார் ரூ.20 கோடியில் காற்றைச் சுத்தம் செய்யும் கோபுரமும் எழுந்தது. அதனால் ஊர்க் காற்று மாறிவிடவில்லை. ஓர் அறையில் ஜன்னலைத் திறந்தாலே திணறும் தத்துவம், திறந்த வானத்தில் எப்படிப் பலிக்கும்? வாகனப் புகை, தொழிற்சாலைப் புகை, குப்பை எரிப்பு, வயல் எரிப்பு, கட்டடத் தூசி ஆகியவற்றை அவை பிறக்கும் இடத்திலேயே அடக்குவதுதான் வழி.

சலுகை என்று ஒன்று தருவதானால் அது பள்ளிகளுக்கும், ஆஸ்பத்திரி வார்டுகளுக்கும், இரவுத் தங்குமிடங்களுக்கும் முதலில் போய்ச் சேர வேண்டும். தூக்க வேகத்தில் கருவி தரும் காற்றின் அளவையும் அப்போது எழும் இரைச்சலையும் பெட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்று சர்க்கார் ஒரு விதி செய்யலாம். அதற்கு ஒரு காசு வரி இழப்பும் இல்லை. வாங்குபவர் ஏமாறாதிருக்க அது உதவும். கருவியே வாங்க முடியாதவரைக் காப்பதோ, தெருக் காற்றைச் சுத்தம் செய்யும் சர்க்காரால் மட்டுமே ஆகக்கூடிய காரியம்.