லெகோ கடைக்குச் சிரமதானமா?

வெளிநாடுகளில லெகோ கடை ஒண்டு புதுசாத் திறக்கேக்க ஒரு வழக்கம் இருக்கு. அந்த நகரத்து லெகோ பிரியர் குழுவில இருந்து எஞ்சினியர், வாத்தியார், பென்சன் எடுத்தவை எண்டு வளர்ந்த ஆக்கள் லீவு போட்டுக்கொண்டு வந்து நிற்பினம். கடைக்கு முன்னால ஆளுயரத்துக்கு மேல ஒரு உருவம் கட்டுப்படும். சின்னக் கற்களைச் சேர்த்துப் பெரிய கல்லாக்கிறது பிள்ளைகளின்ட வேலை. அவைக்குக் காட்டிக் குடுக்கிறது, பிழையாப் பூட்டினதைத் திருத்திறது, வரிசையைப் பாக்கிறது எல்லாம் இந்தத் தொண்டர்கள். அந்தப் பெரிய கற்களை அடுக்கி உருவமாக்கிறவர் மட்டும் கொம்பனி அனுப்பின ஆள். முடிவில தொண்டருக்கு மிஞ்சிறது அநேகமா ஒரு ரீசேட்டும் கொஞ்சக் கற்களும்.

இதில அன்பும் இருக்கு, இலவசக் கூலியும் இருக்கு. ரெண்டும் ஒண்டாப் பூட்டுப்பட்டுக் கிடக்கிறதுதான் எனக்குப் பிரச்சினை.

நீர்வேலியில இருந்துகொண்டு உனக்கேன் இந்தக் கவலை எண்டு கேக்கலாம். லெகோவின் முதலாவது அங்கீகரிக்கப்பட்ட கடை 2025இல் இந்தியாவுக்கு, குருகிராமுக்கு வந்திட்டுது. கடைகள் கிட்டக் கிட்ட வருகினம். 2013இல் யாழ்ப்பாணத்தில காகில்ஸ் ஸ்குவயர் திறந்த நேரம் எஸ்கலேற்றர் பாக்கச் சனம் போன கதையை எங்கட வீட்டில இப்பவும் சொல்லுவினம். புதுக் கடை எண்டால் எங்களுக்கும் ஒரு புழுகம்தான். நாளைக்கு ஆரும் வந்து "தம்பி, திறப்பு விழாவுக்குத் தொண்டரா நிக்கிறீரோ" எண்டு கேட்டால் பத்துப் பெடியள் உடன ஓம் எண்டுவாங்கள்.

தொண்டு எங்களுக்குப் புதுசில்லை. கோயில் திருவிழாவில தண்ணீர்ப் பந்தல் போடுறவை ஆரிட்டயும் சம்பளம் கேக்கிறேல்லை. சனசமூக நிலையத்து மதிலுக்குச் சீமெந்துக் கல்லு அரிஞ்சு குடுத்தது எங்கட அப்பாமாரின்ட தலைமுறை. லெகோ பிறந்த டென்மார்க் பில்லுண்டிலிருந்து கனதூரமில்லாத பிராண்டவில அபிராமி அம்மன் கோயில் இருக்கு. அங்கயும் திருவிழா நடக்கிறது எங்கட சனத்தின்ட கைவேலையாலதான். ஆனால் தண்ணீர்ப் பந்தலில கவுண்டர் இல்லை. குடிச்சவன் காசு குடுக்கிறேல்லை, பந்தல் போட்டவனுக்கு இலாபமும் இல்லை.

லெகோவின்ட 2024ஆம் ஆண்டு வருமானம் 74.3 பில்லியன் டெனிஷ் குரோணர். உலகம் முழுக்க 1000இற்கு மேல கடைகள். அப்பிடியொரு கொம்பனியால மூண்டு நாளைக்கு இருபது பேருக்குக் கூலி குடுக்க ஏலாது எண்டு ஆரும் நம்பப் போறேல்லை. பிரியர்களின்ட உழைப்புக்கு விலை இருக்கு எண்டது அவைக்கே தெரியும். லெகோ ஐடியாஸ் எண்ட திட்டத்தில ஒருத்தற்ற வடிவமைப்பு விற்பனைக்கு வந்தால் நிகர விற்பனையில 1 வீதம் குடுக்கினம். மூளைக்கு 1 வீதம், காலுக்கு ரீசேட்.

"விருப்பத்தோட செய்யிறவனை நீ ஏன் மறிக்கிறாய்?" எண்டு என்ர பட்ச் நண்பன் ஒருத்தன் கேட்டான். மறிக்கேல்லை. ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில இருந்து கல்லுப் பூட்டக் காட்டிக் குடுக்கிறது வேற, கடை வாசலில கயிறு கட்டிச் சனத்தை மறிச்சுக்கொண்டு நிக்கிறது வேற. எட்டுப் புள்ளிக் கல் ஆறு இருந்தால், ஒரே நிறமா இருந்தாலும், 915,103,765 விதமாப் பூட்டலாம். கணக்கு எனக்கு விளங்காது, நான் கலைப்பீடம். ஆனால் ரெண்டாவது விதத்தைத் தானாக் கண்டுபிடிக்கிற பிள்ளையின்ட முகத்துக்காக ஆரும் லீவு போடலாம். அதைத் தொண்டாச் செய்யட்டும். கயிறு பிடிக்கிறதுக்குக் கடை ஆள் வைக்கட்டும்.

எங்கட ஊர்ப் பிள்ளைக்கு இந்த ரெண்டாவது விதம் அநேகமாக் கிடைக்கிறேல்லை எண்டதுதான் கூடக் கவலை. லெகோ இஞ்ச வாறது கனடா மாமாவின்ட சூட்கேசுக்குள்ள. புத்தகத்தில இருக்கிறமாதிரி ஒருக்கால் கட்டின கார், பிறகு கண்ணாடி அலுமாரிக்குள்ள, விருந்துக்கு வாங்கின கோப்பைகளுக்குப் பக்கத்தில. "தொடாத, உடைஞ்சிடும்" எண்டு அம்மம்மா சொல்லுவா. உடைச்சுத் திரும்பக் கட்டுறதுக்கெண்டே செய்த சாமான் அது. 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பிச்ச காலத்துக் கல்லு இண்டைக்கு வாற கல்லோடயும் பூட்டுப்படும். நாலு தலைமுறை கைமாறலாம்.

ஆகவே தொண்டர் ஆசை உள்ளவைக்கு என்ர யோசனை இது. கடை வரும்வரை பாத்துக்கொண்டிருக்காமல், ஊர் வாசிகசாலையில ஒரு பொதுப்பெட்டி வையுங்கோ. சனிக்கிழமை பின்னேரம் ரெண்டு பேர் இருந்தால் காணும். சீனக் கல்லும் பூட்டுப்பட்டால் சேர்க்கலாம். எங்களுக்குப் பிராண்ட் சுத்தம் பாக்கக் கட்டாது. அடுத்த நல்லூர்த் திருவிழாவுக்கு வாற உறவுகளிட்டப் புதுப் பெட்டி கேக்க வேண்டாம். அங்க பிள்ளைகள் வளர்ந்து நிலவறையில கிடக்கிற பழைய கற்களை ஒரு பையில கொண்டு வரச் சொல்லுங்கோ. ஊத்தையெண்டால் சவர்க்காரத் தண்ணியில கழுவலாம். தண்ணி மட்டும் 40 பாகைக்கு மேல சூடாகக் கூடாது.